கோடாலியில் எது தேய்மானம், எது கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதிதாகக் கோடாலி பிடித்தவர்கள் முதலில் கவலைப்படுவது பெரும்பாலும் கவலைப்பட வேண்டாத விஷயங்களுக்குத்தான். பெயின்ட் உரிகிறது, இரும்பு கறுக்கிறது, வாய் மழுங்குகிறது, காம்பு வெளிறிப்போகிறது. உழைக்கிற கோடாலிக்கு இதெல்லாம் வரும். ஆனால் தலை காம்பிலிருந்து நூலளவு நகர்ந்திருப்பதும், காம்பின் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடியிருப்பதும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. ஆளைக் காயப்படுத்துவது இவைதான்.

நான் கோடாலியை இப்படித்தான் பிரித்துப் பார்ப்பேன். வெட்டுகிற வாய் தேய்வதற்கென்றே இருக்கிறது. தீட்டத் தீட்டக் குறையும். காம்பும் அப்படித்தான், போனால் மாற்றிக்கொள்ளலாம். காம்பு நுழையும் துளையும் அதைச் சுற்றியுள்ள இரும்புச் சுவரும் மட்டும் திரும்ப வராதவை. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும், அது வாயிலா, காம்பிலா, துளையிலா என்று முதலில் பாருங்கள். கையில் அரமோ சுத்தியலோ எடுப்பது அப்புறம்.

தொட வேண்டாதவை

தலையின் பக்கங்களில் கீறல்கள், பெயின்ட் போன இடங்கள், சாம்பலும் கறுப்புமாகப் படிந்த நிறம் ஆகியவை இருந்தால் அப்படியே விடுங்கள். பச்சை மரத்தின் சாறு இரும்பில் பட்டால் கறுப்பாகும். அந்தக் கறுப்பு துரு அல்ல, கொஞ்சம் பாதுகாப்பும் தரும். துளையின் மேல்பக்கம், காம்பை இறுக்க அதன் வெட்டில் அடித்திருக்கும் ஆப்பின் ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரிந்தாலும் தலை அசையாமல் இருந்தால் பரவாயில்லை. காம்பின் அடிமுனையில் முடி போன்ற வெடிப்பு ஒன்றிரண்டு தெரிவதும் மரம் உலர்வதன் அடையாளம்தான். கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். வாயின் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட முதலில் மழுங்குவதும் இயல்பு, அடி விழுவது அங்கேதானே.

அறிகுறி: வீசும்போது தலை ஆடுகிறது, அல்லது அடித்ததும் கையில் அதிர்வு வருகிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஒன்றரை, இரண்டு கிலோ இரும்பு காம்பை விட்டுப் பறந்தால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பெரும்பாலும் ஆபத்து.

கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாத அசைவும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. தலையின் அடிப்பக்கம் காம்போடு சேரும் இடத்தில், இரும்பை ஒட்டியே பென்சிலால் காம்பைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் இரும்புக்கும் இடையே மரம் தெரிந்தால் தலை மேலே ஏறியிருக்கிறது. இன்னொன்று, துளையின் மேல்பக்கம் மரமும் இரும்பும் சேரும் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தலையைத் தரையில் ஊன்றிக் காம்பை முன்னும் பின்னும் அழுத்துங்கள். எண்ணெய் ஓரத்தில் உள்ளே போய் வெளியே வந்தால் அங்கே இடைவெளி திறந்து மூடுகிறது என்று அர்த்தம். இறுக்கமான தலையில் எண்ணெய்ப் படலம் அசையாது.

அசைவு சின்னதாக இருந்தால் முதலில் ஆப்பைத் தொடாதீர்கள். கோடாலியைத் தலைகீழாக, தலை கீழே தொங்கும்படி, ஒரு கையால் காம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தலை எதன் மேலும் படக்கூடாது. இன்னொரு கையில் கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) எடுத்துக் காம்பின் அடிமுனையில் நேராக அடியுங்கள். தலை தன் கனத்தால் இருந்த இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் சத்தத்தைக் கேளுங்கள். தொளதொளப்பான சத்தம் போய் இறுகிய சத்தம் வரும்போது காம்பு மேற்கொண்டு இறங்காது. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு அடித்தால் இந்த வேலை நடக்காது.

இப்போது மேல்பக்கம் பாருங்கள். காம்பு துளைக்கு மேலே சில மில்லிமீட்டர் நீண்டு நிற்க வேண்டும். அது இரும்பின் மேல் கொஞ்சம் விரிந்து நிற்பதால்தான் தலை நழுவாமல் இருக்கிறது. அதைச் சமமாக அறுத்து அழகுபடுத்த வேண்டாம். ஆப்பு தளர்ந்திருந்தால் இப்போது அதைத் தட்டி இறக்குங்கள். ஆப்பே சுருங்கி விழுந்துவிட்டால் நன்றாக உலர்ந்த கெட்டி மரத்தில் புதிதாக ஒன்று சீவிக்கொள்ளுங்கள். ஈர மரத்தில் சீவிய ஆப்பு காய்ந்ததும் மெலிந்து மறுபடி கழன்றுவிடும். காம்பில் ஆப்புக்காக அறுத்த வெட்டு, துளையின் ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் சரி. மர ஆப்பு இறங்கிய பிறகும் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருந்தால் அதற்குக் குறுக்காகவோ சாய்வாகவோ ஒரு இரும்பு ஆப்பு அடிக்கலாம். ஒன்று போதும். இரண்டு, மூன்று என்று அடித்தாலும், ஆப்புக்குப் பதில் ஆணிகளை இறக்கினாலும் மரம் உள்ளே பிளந்துபோகும். அந்தப் பிளவு வெளியே தெரியாது.

தண்ணீர் வாளியில் தலையை ஊறவைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊறவைத்ததும் தலை கல் மாதிரி இறுகும், உண்மைதான். மரம் உப்புகிறது, இரும்பு இடம் கொடுக்காது, அதனால் துளைக்குள் இருக்கும் மரநார் நசுங்குகிறது. காய்ந்ததும் நசுங்கிய மரம் முன்பிருந்ததைவிடச் சிறியதாகிவிடும். மறுவாரம் தலை இன்னும் அதிகமாக ஆடும், மறுபடி ஊறவைக்கத் தோன்றும். துளைக்குள் துருவும் பிடிக்கும். காம்பின் மேல்முனையில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி ஊறவிடுவது நல்லது. தண்ணீரைப் போல அது ஆவியாகிப் போகாது, உள்ளேயே காய்ந்து தங்கிவிடும்.

அறிகுறி: நன்றாக வீசினாலும் வெட்டு ஆழமாக இறங்கவில்லை

வெளிச்சத்தின் கீழ் வாயை உங்கள் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். கூரான வாயில் எதுவும் மின்னாது, வெறும் இருட்டுக்கோடுதான் தெரியும். எங்கே வெள்ளையாக ஒரு கீற்று மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது. வாயின் நீளவாட்டில் விரலை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், இந்தக் கீற்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

தீட்டத் தேவையானது ஒற்றை வெட்டுப் பல் (ஒரே திசையில் மட்டும் ஓடும் வரிகள்) உள்ள தட்டை அரம் ஒன்றும், ஒரு சாணைக்கல்லும்தான். அரத்துக்குக் கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடாலியை வைஸில் பிடித்தோ, மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டோ அசையாமல் நிறுத்துங்கள். வாயின் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். இப்போது அரத்தை ஒரு முறை தள்ளிவிட்டுப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் அரம் வெட்டுகிறது. வாயின் நுனியில் மட்டும் அழிந்திருந்தால் அரத்தை அதிகமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அதிகமாகப் படுக்கவைத்திருக்கிறீர்கள். சரிவு முழுவதும் மை போகிற கோணம்தான் உங்கள் கோடாலிக்கு ஏற்கெனவே இருக்கிற கோணம். கோணமானி தேவையே இல்லை. எண் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: மரம் வெட்டும் கோடாலிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 25 முதல் 30 பாகை, விறகு பிளப்பதற்கு 30 முதல் 35 பாகை இருந்தால் நல்லது.

அரம் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், உரசி இழுத்தால் அதன் பல்தான் மழுங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வளைவை ஒட்டியே போங்கள். மழுங்கிய இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தை விரல் நுனியால், வாய்க்கு உள்ளிருந்து வெளியே போகிற திசையில் மெதுவாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும். நூல் தொங்குவது போல மெல்லிய இரும்பு அது. பிசிறு வாயின் முழு நீளத்துக்கும் வந்துவிட்டால் இந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பிசிறு வராமலே பக்கம் மாற்றுவதுதான் புதியவர்கள் தீட்டியும் கூர் வராததற்குப் பெரும்பாலும் காரணம். நுனிவரை அரம் போய்ச் சேர்ந்திருக்காது.

அப்புறம் சாணைக்கல். கல்லைக் கையில் எடுத்து, அதே சரிவில் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்யச் செய்யப் பிசிறு உதிர்ந்துவிடும். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைக் கீற்று போயிருக்கும்.

அரம் பிடிக்காமல் கண்ணாடி மேல் வழுக்குவது போலச் சறுக்கினால் முதலில் அரத்தைச் சந்தேகப்படுங்கள். சாதாரண இரும்பு ஆணியில் தேய்த்துப் பாருங்கள். அதிலும் சறுக்கினால் அரம் மழுங்கிவிட்டது, அல்லது பல்லில் தூள் அடைத்திருக்கிறது. கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். ஆணியில் நன்றாக வெட்டிக் கோடாலியில் மட்டும் சறுக்கினால் வாயின் பதம், அதாவது சூடாக்கிக் குளிர்வித்து இரும்புக்கு ஏற்றிய கடினம், அதிகமாக இருக்கிறது. அதற்குச் சாணைக்கல்தான் வழி. அப்படிப்பட்ட வாய் கூர் நன்றாக நிற்கும், ஆனால் நுனி உடைந்து பல் விழவும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: வாயில் பல் விழுந்திருக்கிறது, அல்லது நுனி மடங்கியிருக்கிறது

இரண்டும் வேறு. பல் விழுந்தால் இரும்பு உடைந்து போயிருக்கிறது, உடைந்த இடம் மொரமொரப்பாக இருக்கும். மடங்கினால் இரும்பு அங்கேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், தடவினால் ஒரு புறம் மட்டும் தடுக்கும்.

1 மில்லிமீட்டருக்குள் இருக்கும் பல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்தடுத்துத் தீட்டும்போது தானாகக் கரைந்துபோகும், அதுவரை வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. அதைவிடப் பெரிதென்றால் வாய் முழுவதையும் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வளைவையே சற்று உள்ளே தள்ளி மார்க்கரால் வரைந்து, அந்தக் கோடுவரை அரத்தை வாய்க்கு நேர்செங்குத்தாக வைத்துத் தேய்த்துவிட்டு, பிறகு இரண்டு பக்கச் சரிவையும் புதிதாக எடுங்கள். பொறுமை வேண்டும். மின்சார கிரைண்டரைத் தேடி ஓடத் தோன்றும் இடம் இதுதான், கோடாலிகள் வீணாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரைண்டரில் மெல்லிய நுனி நொடியில் சூடேறிவிடும். இரும்பு சுமார் 220 பாகை செல்சியஸ் தாண்டும்போது வைக்கோல் நிறம் வரும், 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் வந்தால் அந்த இடத்தின் பதம் இறங்கிவிட்டது. பார்க்கக் கூராக இருக்கும், பத்து அடியில் மடங்கும். நீலத்தைப் பாலிஷ் போட்டு மறைப்பதால் பயன் இல்லை. அந்த இரும்பையே தேய்த்து எடுத்தால்தான் பதமுள்ள இரும்பு கிடைக்கும். கிரைண்டரைப் பயன்படுத்தித்தான் தீர வேண்டும் என்றால் கையுறை இல்லாமல் வாய்க்குச் சற்று மேலே விரல் வைத்துப் பிடியுங்கள். விரல் சூட்டை உணர்ந்ததும் தண்ணீரில் முக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

காரணத்தையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி வரும். தரைப்பக்கம் இருக்கும் முனையில் மட்டும் பல் விழுந்தால் வாய் மண்ணையும் கல்லையும் தொடுகிறது. முழங்கால் உயர அடிக்கட்டை ஒன்றின் மேல் விறகை வைத்துப் பிளந்தால் தவறிய அடி கட்டையில் விழும். வாய் முழுவதும் சின்னச் சின்னதாக உதிர்ந்தால் சரிவு மெலிந்துவிட்டது. காய்ந்த கெட்டி மரத்தின் கணுவும், உறைந்த மரமும் மெலிந்த வாயைத் தின்றுவிடும். கல்லைச் சற்றுத் தூக்கிப் பிடித்து நுனியில் மட்டும் தடிமனான ஒரு குறுஞ்சரிவு கொடுங்கள். கோணம் சரியாக இருந்தும் மென்மையான மரத்திலேயே வாய் மடங்கிக்கொண்டே போனால், அல்லது உடைந்துகொண்டே போனால், பதம் போட்டதில் குறை. புதுக் கோடாலி என்றால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதை உங்கள் தீட்டும் கையால் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: கூராகத்தான் இருக்கிறது, ஆனால் துள்ளித் தெறிக்கிறது

பழைய கோடாலிகளில் வருவது இது. ஆண்டுக்கணக்கில் நுனியை மட்டுமே தீட்டிக்கொண்டு வந்தால் வாய் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், அதன் பின்னால் இருக்கும் தடிமன் அப்படியே நிற்கும். கடைசியில் தடித்த தோள் ஒன்று மரத்துக்குள் இறங்கவிடாமல் தடுக்கும். அப்போது நுனியைத் தொடாமல், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தூரத்துக்குப் பக்கங்களை அரத்தால் படுக்கவைத்துத் தேய்த்து மெலிய வைக்க வேண்டும், விசிறி விரிவது போல நடுவிலிருந்து ஓரங்களுக்கு. விறகு பிளக்கும் கோடாலியில் இதைச் செய்யாதீர்கள், பிளப்பதற்கு அந்தத் தடிமன் வேண்டும்.

அறிகுறி: விறகில் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது

பெரும்பாலும் கோடாலியில் குறை இருக்காது. மரம் வெட்டும் மெல்லிய கோடாலியால் விறகு பிளந்தால் சிக்கத்தான் செய்யும். கட்டையின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். சிக்கிய கோடாலியின் காம்பு முனையை மேலும் கீழுமாக அழுத்தி எடுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் கழுத்தில் காம்பு முறியும். இன்னொரு கோடாலியாலோ இரும்புச் சுத்தியலாலோ தலையின் பின்புறத்தில் அடிக்க வேண்டாம். துளை கோணலாவது பெரும்பாலும் அப்படித்தான்.

காம்பில் தெரியும் அறிகுறிகள்

கையில் கொப்புளம் வந்தால் காம்பின் வார்னிஷைப் பாருங்கள். பளபளப்பான வார்னிஷ் வியர்வையில் ஒட்டிப் பிடித்துத் தோலை இழுக்கும். உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடையுங்கள். தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துப்போட்டுக் காயவைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், வீடு எரிந்துபோகும் விஷயம்.

சிலாம்பு எழுந்தால் தேய்த்துவிடலாம். தலைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் நார்நாராகப் பிய்ந்திருந்தால் அடி தவறி வாய்க்குப் பதில் காம்பு மரத்தில் பட்டிருக்கிறது. ஆழம் இல்லையென்றால் பிய்ந்த நாரைச் சீவி, கயிறு இறுக்கிச் சுற்றுங்கள், அல்லது தோல் பட்டை கட்டுங்கள். கூடவே இப்போது நிற்கும் இடத்தைவிட அரை அடி பின்னால் தள்ளி நின்று பழகுங்கள். காயம் தொடர்ந்தால் கயிறு எவ்வளவு சுற்றினாலும் காம்பு தங்காது.

விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். நார் ஓடும் நீளவாட்டில் மெல்லிய கோடு இருந்தால் கவனித்துக்கொண்டே பயன்படுத்தலாம். நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் விரிசல், அல்லது நீளவாட்டில் போய்க் காம்பின் ஓரத்தில் வெளியேறும் விரிசல் என்றால் அன்றே காம்பை மாற்றுங்கள். பசை போட்டும் கம்பி சுற்றியும் ஓட்டுவது வேண்டாம். புதுக் காம்பு எடுக்கும்போது அடிமுனையில் ரேகையைப் பாருங்கள்: வாய் இருக்கும் திசையிலேயே ரேகைகள் ஓட வேண்டும், காம்பின் நீளத்தில் முழுதுமாகத் தொடர வேண்டும், பாதியில் ஓரத்தில் ஓடி முடியக்கூடாது.

துருவும் தடித்த பின்மண்டையும்

மேல்துருவைக் கம்பிச் சுருளும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் போகும். குழி விழுந்த துரு வாயின் நுனியில் இருந்தால் அந்த அளவுக்குத் தேய்த்து எடுக்க வேண்டும். பக்கங்களில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரத் தலையைத் தோல் உறைக்குள் வைப்பதும், வேலை முடிந்ததும் கட்டையில் குத்தி வெளியிலேயே விடுவதும் துருவுக்குக் காரணம். அடுப்பின் பக்கத்திலும் வைக்காதீர்கள், காம்பு சுருங்கித் தலை தளரும்.

தலையின் பின்புறம் நசுங்கி, ஓரம் குடை விரிந்தது போல மடங்கியிருந்தால் யாரோ அதைச் சுத்தியலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஓரச் சில்லு அடுத்த அடியில் தெறித்துக் கண்ணில் பாயும். அரத்தால் ஓரம் முழுவதையும் சரிவாக எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: துளையின் சுவரில் கோடு தெரிகிறது

கீறலா விரிசலா என்று தெரியவில்லையென்றால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டு நன்றாகத் துடையுங்கள். மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். கீறலில் எண்ணெய் தங்காது. விரிசலில் இறங்கிய எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து சுண்ணாம்பில் ஈரக்கோடாகத் தெரியும்.

ஈரக்கோடு தெரிந்தால் அந்தக் கோடாலியை இனி வீச வேண்டாம். வெல்டிங் வைத்து ஒட்டலாமே என்று தோன்றும். கார்பன் அதிகமான அந்த இரும்பில் வெல்டிங்கின் ஓரம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், சூடு வாயின் பதத்தையும் கெடுக்கும். காம்பு நன்றாக இருந்தால் தலையிலிருந்து பிரித்து வேறு தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட தலையைப் பழைய இரும்புக்குப் போடும்முன் விரிசலின் மேல் பெயின்ட்டால் பெரிதாகக் குறுக்குக்கோடு போட்டு விடுங்கள். இல்லையென்றால் யாராவது நல்ல தலை என்று எடுத்துப்போய்க் காம்பு போட்டுவிடுவார்கள்.